ஹில்டாவின் கட்டங்கள்

ஹில்டா எனக்கு நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூரில் இப்போது அவளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தச் சுவரொட்டியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கடனை யாரும் பேசுவதில்லை. கடன் இல்லையென்றால் சுவரொட்டியே இல்லை. கடன் கொடுத்தவன் நான்.

நான் வேலப்பன். தேரடிக்கும் மார்க்கெட்டுக்கும் நடுவில் இருக்கிற வேலப்பன் பிரிண்டர்ஸ் என்னுடையது. மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. பசை வாளி தூக்கிச் சுவர் சுவராக போஸ்டர் ஒட்டினவன், இன்று இரண்டு ஆப்செட் மெஷின், ஒரு ஃபிளெக்ஸ் மெஷின், ஏசி போட்ட அறையில் இரண்டு கம்ப்யூட்டர் வைத்திருக்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், எந்த வீட்டில் பிள்ளைக்குக் காது குத்தினாலும், சொந்தக்காரர்களுக்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும். யாரிடமும் நான் கை நீட்டியதில்லை. கொடுத்தே பழகிய கை என்னுடையது.

ஹில்டா ராயபுரத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இருபத்து நான்கு வயதில் என்னிடம் டைப் அடிக்க வந்தாள், இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் அவள்தான். இறந்தவர் போட்டோவில் சட்டைக் காலர் கிழிந்திருந்தால் நல்ல சட்டை மாட்டிவிடுவாள். பத்து வருஷமாகச் சிரிக்காத மனிதர் முகத்தில்கூட லேசாக ஒரு சிரிப்பைக் கொண்டுவந்துவிடுவாள். "உசுரோட இருக்கும்போது இவுரு இத்தினி அழகா இல்லியே" என்று விதவைகளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். வாய் மட்டும் நீளம். முதலாளி என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. அண்ணன்தான்.

அவள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் லீஸ் தொகையை ஏற்றியபோது நான்தான் முன்பணம் கொடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முன்பணம் வாங்கியவர் அதை அடைக்காமல் வேறு பிரஸ்ஸுக்குப் போக முடியாது. போனால் அந்த பிரஸ்காரன் எனக்கு போன் போட்டு, "உன் ஆளு இங்க வந்துகீதுப்பா, கணக்கு முடிஞ்சிதா?" என்பான். முடியவில்லை என்றால் ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவான். தனியாகக் கடை போட்டாலும் அப்படித்தான், ஒருவனும் வேலை தரமாட்டான். எழுதி வைத்த சட்டம் ஒன்றுமில்லை. மாதவரத்திலிருந்து புளியந்தோப்பு வரைக்கும் எல்லா பிரஸ்ஸிலும் இதுதான் நடக்கிறது.

ஹில்டா தனியாகக் கடை போடத்தான் ஆசைப்பட்டாள். கப்பலில் வேலை செய்கிற அவள் அண்ணன் ஒரு கம்ப்யூட்டர் அனுப்பி வைத்திருந்தார். அதை வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் வைத்து, தூசு படியாமல் பழைய பெட்ஷீட் போர்த்தி வைத்திருந்தாள். எல்லா பிரஸ்ஸுக்கும் அங்கிருந்தே டிசைன் செய்து கொடுப்பது அவள் திட்டம். வருஷக்கணக்கில் அந்த பெட்ஷீட் அப்படியே கிடந்தது. சம்பளத்தில் பிடித்துக்கொள் என்பாள், நானும் பிடிப்பேன். அடுத்த மாதம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு, அதற்கடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்கு என்று பிடித்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டு போவாள். நானும் மறுக்காமல் கொடுத்தேன். அவ்வளவு நல்ல கைக்காரியை யார் விடுவான்?

போன வருஷம் மே மாதக் கடைசியில் கார்குழலி என்று ஒரு மேடம் கடைக்கு வந்தார். எண்ணூர் சாலையில் இருக்கிற ஒரு கம்பெனியில், ஊர் மக்களுக்கு நல்லது செய்வதற்கென்றே வைத்திருக்கிற பிரிவில் அவருக்கு வேலை. கம்பெனியின் பெயரைப் போட மாட்டேன், எனக்கு இன்னும் ஒரு பில் பாக்கி வர வேண்டியிருக்கிறது. உயரமாக இரண்டு புகைபோக்கி உள்ள கம்பெனி என்பது போதும். மேடம் திருச்சிப் பக்கம், முப்பது வயதிருக்கும். சுத்தமான பருத்திப் புடவையில் வந்தவர் என் கடை நாற்காலியை ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"ஜூன் அஞ்சு சுற்றுச்சூழல் தினம் சார். ஐந்நூறு போஸ்டர் வேணும். ஆனா வழக்கமா போடுற பூமி உருண்டை, ரெண்டு கை, ஒரு இலை, அதெல்லாம் வேண்டாம். ஜனங்க நின்னு பாக்கணும்."

"நின்னு பாக்கணும்னா யாராவது சாவணும் மேடம்" என்றேன். எனக்குத் தொழில் தெரியும்.

மேடம் சிரிக்கவில்லை. அவர் கண் ஹில்டாவின் மேஜைமேல் போய்விட்டது. அங்கே ராயபுரம் மாதா கோயில் பங்கின் மாத மடல் கிடந்தது. அதன் கடைசிப் பக்கத்துக்கு ஹில்டா மாதாமாதம் ஒரு சொல் வேட்டை போடுவாள். கட்டம் கட்டமாக எழுத்துகள் இருக்கும். அதற்குள் நேராகவும் மேலிருந்து கீழாகவும் புனிதர்கள் பெயரை ஒளித்து வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகள் பென்சிலால் வட்டம் போடும். இதற்கு அவளுக்குக் கூலி கிடையாது.

"இது நல்லா இருக்கே! இதையே பெருசா போட்டா என்ன?" என்றார் மேடம்.

இரண்டு நாளில் கம்பெனி தலைமை ஆபீஸ் ஒப்புதல் கொடுத்த பத்துச் சொற்கள் வந்துவிட்டன. மரம், மழை, காற்று, நிழல், பறவை, சைக்கிள், துணிப்பை, இப்படிப் போயிற்று. ஹில்டா ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மேடம், சாம்பல் உட்டுப்போச்சே."

"எது?"

"சாம்பல். நாலே எழுத்துதான். எந்த மூலையில வேணா நொழைச்சிடுவேன்."

"பாசிட்டிவான வார்த்தைங்க மட்டும்தாங்க அப்ரூவ் ஆகியிருக்கு."

"அது சரி. அல்லாரு வூட்டு மொட்டமாடியிலயும் அதான் கீது, அதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு ஹில்டா கட்டம் போட ஆரம்பித்தாள்.

காசுப் பேச்சு வந்தது. அச்சுக்கூலி பேசி முடித்தேன். டிசைனுக்குத் தனியாக என்ன என்று மேடம் கேட்டார். ஹில்டா மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு இன்னா குடுப்பண்ணே? மாசச் சம்பளத்துல கட்டம் போடுறது இல்ல" என்றாள். வெளியாள் முன்னால் இப்படிக் கேட்டால் நான் சின்னத்தனமாகப் பேசுகிற ஆளா?

"இந்த போஸ்டர் எத்தினி தபா மெஷின்ல ஏறுதோ அத்தினி தபா உன் கடன்ல ஐயாயிரம் கழிச்சுக்க. போ. வேலப்பன் வார்த்தை" என்றேன்.

சொல்லும்போது எனக்கு ஒரு கணக்கு இருந்தது. போஸ்டர் என்பது ஒரு தடவைதான் அடிக்கிற சமாச்சாரம். ஒரு மனிதன் ஒரு தடவைதான் சாகிறான், ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் காது குத்துகிறார்கள். என் சர்வீஸில் ஒரு போஸ்டர் இரண்டாம் முறை மெஷினில் ஏறி நான் பார்த்ததில்லை. ஐயாயிரத்தோடு போயிற்று, பெயரும் கிடைத்தது என்று நினைத்தேன்.

"மேடம், நீங்க சாட்சி" என்றாள் ஹில்டா. மேடம் தலையாட்டினார்.

ஜூன் ஐந்தாம் தேதி விடியற்காலையில் எங்கள் நோயல் மைதாப் பசை வாளியோடு மொபெட்டில் போய் ஒட்டிவிட்டு வந்தான். அவன் இருபது வருஷமாக எனக்கு ஒட்டுகிறவன். பச்சைப் பின்னணி, நடுவில் வெள்ளைக் கட்டங்கள், மேலே "நம் மண்ணைக் காக்கும் பத்துச் சொற்களைக் கண்டுபிடியுங்கள்!" என்று ஒரு வரி. கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. பத்து மணிக்குக் கடைக்குள் இருவர் புயல் மாதிரி நுழைந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஸ்டேண்டு செயலாளர் திருமுருகன். இன்னொருவர் மார்க்கெட் சுவரோரம் இட்லிக் கடை வைத்திருக்கிற மலர்க்கொடி அம்மா.

"இன்னா நைனா, ஏரியா ஃபுல்லா போஸ்டர் அடிச்சிகீற. நம்ம பேரு எங்க?" என்றார் திருமுருகன்.

"அது புதிருப்பா."

"அதான்! பேர ஒளிச்சி வச்சிகீறியாமே. ஸ்டேண்டே நின்னு தேடிகினு கீது. ஒரு சவாரி எடுக்கல. குறுக்கால பாத்தாச்சி, நெடுக்கால பாத்தாச்சி. எம் பேரு இல்ல, தலைவரு பேரு இல்ல. மார்க்கெட் ஸ்டேண்டுகாரனுங்க பேர மட்டும் போட்டுக்கீறியா?"

"எங் கட சொவுத்துல ஒட்டிட்டு எம் பேரு இல்லன்னா இன்னா ஞாயம்?" என்றார் மலர்க்கொடி அம்மா. "இட்லி ஊத்தறத வுட்டுட்டு ஒரு மணி நேரமா தேடினு கீறேன். மாவு பொங்கி வயிஞ்சிப் போச்சி."

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் போஸ்டரைக் கீழேயிருந்து மேலே படிப்பார்கள். செத்தது யார் என்பது அப்புறம். கீழே துக்கத்தில் பங்குகொண்டவர்கள் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா, எந்த இடத்தில் இருக்கிறது, பக்கத்தில் எவன் பெயர் இருக்கிறது, இதுதான் முதலில். ஒரு தடவை ஒரு மச்சான் பெயரை விட்டுவிட்டோம். அவர் போய்ப் பாடையை மறித்து நின்றுவிட்டார். பெயரை மட்டும் துண்டுக் காகிதத்தில் அடித்து, நோயல் ஓடி ஓடி ஒட்டின பிறகுதான் பிணம் தெருவைத் தாண்டியது. இப்படிப்பட்ட ஊரில் எழுத்துகளைக் கலைத்துப்போட்டு "கண்டுபிடியுங்கள்" என்று எழுதினால், ஜனங்கள் துணிப்பையையா தேடுவார்கள்?

நான் அவர்களைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். ஹில்டா மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேடத்துக்கு போன் போட்டாள்.

மேடம் வந்து மார்க்கெட் சுவரைப் பார்த்தார். அங்கே ஐம்பது பேர் நின்றார்கள். பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவன் தோள்மேல் கைபோட்டுத் தேடிக்கொண்டிருந்தான். படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கூட்டி வந்திருந்தார்கள். மேடம் போட்டோவாக எடுத்துத் தள்ளினார்.

"மக்கள் பங்கேற்பு! எந்த போஸ்டருக்கும் இப்படிக் கூட்டம் பாத்ததில்லை சார்."

"ஆமா மேடம், பேரு போட்டா தெனம் வருவாங்க" என்றாள் ஹில்டா. "கட்டத்தைப் பெருசாக்கி, அல்லாரு பேரையும் உள்ள ஒளிச்சிடலாம். பேர தேடறப்ப உங்க மரமும் மழையும் கண்ணுல பட்டுதானே தீரும்?"

தலைமை ஆபீஸுக்கு போட்டோ போயிற்று. மறுநாளே புது போஸ்டருக்கு ஆர்டர் வந்துவிட்டது.

"இது வேற போஸ்டரு, கணக்குல வராது" என்றேன் ஹில்டாவிடம்.

"பேருதாண்ணே சேந்துகீது. கட்டம் அதே கட்டம். மெஷின்ல ஏறுதா இல்லியா?"

"ஏறுது."

"ஐயாயிரம். வேலப்பன் வார்த்தை."

நான் பேச்சு மாறுகிறவன் இல்லை. கழித்தேன். ஆனால் பெயர்களுக்குத் தலைக்கு ஐம்பது ரூபாய் வைத்தேன். சும்மா கிடைக்கிற பெயரை யாரும் மதிக்கமாட்டார்கள், இதை எந்தப் படிப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆட்டோ ஸ்டேண்டு, மீன் மார்க்கெட், ஐஸ் கம்பெனி, கன்டெய்னர் லாரி டிரைவர்கள் என்று வரிசையில் நின்று கொடுத்தார்கள். என் பெயரையும் போடச் சொன்னேன். இடத்தை மிச்சம் பிடிக்க ஹில்டா பெயர்களை ஒன்றோடொன்று கோர்த்தாள். மலர்க்கொடியின் முதல் எழுத்திலிருந்தே மழை கீழே இறங்கியது. திருமுருகன் பெயரும் வேலப்பன் பெயரும் கடைசி எழுத்தைப் பங்கு போட்டுக்கொண்டன.

"எம் பேர்லருந்து எழுத்த உருவிக்கினியா நைனா? அரை எழுத்துக்கு இருபத்தஞ்சி ரூபா திருப்பிக் குடு" என்று திருமுருகன் ஒரு வாரம் என்னை விடவில்லை.

இத்தனை பெயர் நுழைந்ததில் கம்பெனியின் பத்துச் சொற்களில் ஏழு வெளியே போய்விட்டன. மரம், மழை, காற்று மூன்றுதான் தங்கின. மேடம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "கருத்து இருக்குல்ல, போதும்" என்றார்.

எங்கள் ஏரியாவில் ஒரு போஸ்டருக்கு ஆயுசு இரண்டு நாள். மூன்றாம் நாள் அதன்மேல் வேறொன்று ஏறிவிடும். இதன்மேல் எவனும் ஒட்டவில்லை. ஒட்டினால் யார் பெயர்மேல் ஒட்டினாய் என்று கேட்க ஊரே இருக்கிறது. கட்சிக்காரர்களே பசை வாளியோடு வந்து, படித்துப் பார்த்து, வேறு சுவரைத் தேடிப் போனார்கள். பெருமையாக இருந்தது. என் கடை போஸ்டர் மாதக்கணக்கில் நிற்பது அதுதான் முதல் தடவை.

நின்றதால்தான் வந்தது வினை.

இரண்டு நாளில் போகிற போஸ்டர்மேல் என்ன படிகிறது என்று யார் பார்த்தார்கள்? இது நின்றது. எண்ணூர்ப் பக்கத்திலிருந்து காற்று அடித்தால் சாம்பல் வந்து உட்கார்ந்துவிடும். நாங்கள் பிறந்ததிலிருந்து அதோடுதான் இருக்கிறோம். துணி காயப்போட்டால் உதறிவிட்டு எடுப்போம், பாத்திரத்தை ஒரு தடவை கழுவிவிட்டுப் புழங்குவோம், அதையெல்லாம் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. ஆனால் ஐம்பது ரூபாய் கொடுத்துப் போட்ட பெயர்மேல் சாம்பல் உட்கார்ந்தால்?

மலர்க்கொடி அம்மா காலையில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் ஈரத்துணியால் தன் பெயரைத் துடைத்துவிடுவார். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் சாம்பல் மூடியிருக்கும். சவாரிக்குப் போகிறவன் லுங்கி நுனியால் துடைத்துவிட்டுப் போனான். ஐஸ் கம்பெனிக்காரன் எச்சில் தொட்டுத் துடைத்தான். துடைத்த விரலைப் பார்த்தார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக் காட்டினார்கள்.

"காலீல தொடைச்சேன்யா. மத்தியானம் எம் பேர காணோம்" என்று திருமுருகன் வந்து நின்றார். "எங்கருந்து வருது இத்தினி?"

"இத்தினி வருஷமா எங்கருந்து வந்துதோ அங்கருந்துதான்" என்றாள் ஹில்டா.

"இவ்ளோ கலீஜா இருந்ததில்லியே."

"உன் பேரு அதுக்கு அடியில இருந்ததில்லியே அண்ணே. அதான் தெரில."

காகிதம் எத்தனை நாள் தாங்கும்? துடைத்துத் துடைத்துப் பெயர்கள் தேய்ந்துபோயின. மலர்க்கொடியில் மலர் போய்க் கொடி மட்டும் நின்றது. மரமும் காற்றும் பத்திரமாக இருந்தன, அவற்றை யாரும் துடைக்கவில்லை. ஒரு நாள் காலை திருமுருகன் ஸ்டேண்டு ஆட்டோக்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றுவிட்டார். மலர்க்கொடி அம்மாவும் ஓர் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். நானும் போனேன், என் பெயரும் அதில் இருந்ததே.

"உங்க சாம்பலு எங்க பேர அயிக்குது. புச்சா போஸ்டர் போடு, இல்லாங்காட்டி சாம்பல நிறுத்து!" என்று திருமுருகன் குரல் கொடுத்தார்.

உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். இது எங்கள் சாம்பல் இல்லை, சாலைப் புழுதி, கன்டெய்னர் லாரி கிளப்புவது, மற்ற கம்பெனிகளும் இருக்கின்றன என்றார். சரியான பேச்சுதான், எந்தக் கம்பெனிச் சாம்பல் என்று சாம்பலில் எழுதியா இருக்கிறது? மலர்க்கொடி அம்மா கையில் இருந்த ஈரத்துணியை விரித்துக் காட்டினார். அதிகாரி அதைத் தொடவில்லை. அடுத்த வாரம் மும்பையிலிருந்து பெரியவர்கள் வருகிறார்களாம். அதனால் சாம்பலை நிறுத்துவதா, போஸ்டர் போடுவதா என்று உள்ளே போய்ப் பேசினார்கள். போஸ்டர்தான் மலிவு. "மக்கள் கோரிக்கையை ஏற்று மாதாமாதம் புதுப்பிக்கப்படும்" என்று முடிவாயிற்று. கைதட்டினோம். ஜெயித்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பினோம்.

கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குக் கணக்கு உறைத்தது. மாதாமாதம். ஒவ்வொரு தடவையும் ஐயாயிரம். ஹில்டா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருக்கிற ஆளா? நேராக மேடத்திடம் போனேன்.

"இன்னாத்துக்கு மாசா மாசம் செலவு? ஃபிளெக்ஸ்ல அடிச்சித் தரேன். மூணு வருஷம் நிக்கும், தண்ணி வுட்டே கழுவலாம்."

"ஃபிளெக்ஸ் பிளாஸ்டிக் ஆச்சே சார். சுற்றுச்சூழல் போஸ்டரை பிளாஸ்டிக்கில் போடலாமா?"

"அப்ப லேமினேஷன்?"

"அதுவும் பிளாஸ்டிக்தானே?"

இந்த ஊரில் கம்பெனிக்காரர்கள் சுற்றுச்சூழலுக்காக ஒரே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார்கள். அது என் தலையில் வந்து விடிந்தது.

மாதம் தவறாமல் அடித்தோம். அச்சில் எனக்கு லாபம் இல்லாமல் இல்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் நாற்பத்திரண்டாயிரம் கரைந்துகொண்டே வந்தது. தீபாவளிக்குப் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஹில்டா இந்தத் தடவை நடுவில் ஒரு ரூபாய் திருப்பி வாங்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட வாங்கவில்லை. நானாகவே, "வேணும்னா ரெண்டாயிரம் எடுத்துக்கம்மா" என்றேன். "தோ பார்றா, கர்ணன் வந்துட்டாரு" என்று சிரித்துவிட்டு, பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். காற்று எண்ணூர்ப் பக்கத்திலிருந்து அடித்தால் கடை வாசலில் வந்து நின்று வானத்தைப் பார்ப்பாள். "இந்த மாசம் ஜாஸ்தியாத்தாண்ணே கொட்டுது" என்பாள். இருமிக்கொண்டே சொல்வாள். ஊரில் சாம்பல் விழுவதில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள், கேட்டால் அடிக்க வருவாள்.

ஜனவரியில் கம்பெனிக்கு விருது வந்தது. மக்கள் பங்கேற்புக்கான முதல் பரிசாம். மும்பையில் மேடை போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் அடித்த வழவழப்பான புத்தகத்தில் மலர்க்கொடி அம்மா ஈரத்துணியோடு போஸ்டரைத் துடைக்கிற படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. "தங்கள் சுவரொட்டியைக் கண்ணும் கருத்துமாய்ப் பராமரிக்கும் பகுதிவாழ் மக்கள்" என்று கீழே போட்டிருந்தார்கள். மலர்க்கொடி அம்மாவிடம் காட்டினேன். படத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"எம் பேரு போடலியே" என்றார்.

விருது வந்த பிறகு மேடம் கடைக்கு வந்தார். ஹில்டா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தி, "அடுத்த மாசத்துல என் பேரையும் போட முடியுமா?" என்றார். ஹில்டா போட்டாள். காசு வாங்க வேண்டாம் என்றாள், நான் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டேன். ஒட்டின மூன்றாம் நாள் மேடம் மார்க்கெட் சுவருக்குத் தனியாக வந்தார். ரொம்ப நேரம் தேடிக் கண்டுபிடித்து, சுண்டுவிரலால் துடைத்தார். விரலைப் பார்த்தார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பினார். மலர்க்கொடி அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, புச்சா? ரெண்டு இட்லி துன்ட்டு போ. மூடிதான் வச்சிகீறேன்" என்றார்.

மேடம் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அடுத்த ஆர்டர் மெஷினில் ஏறிய அன்று ஹில்டாவின் பேரில் பாக்கி இரண்டாயிரம் இருந்தது. எனக்கு விடிந்ததிலிருந்தே மனம் சரியில்லை. மத்தியானம் கடையில் இருந்த மற்றவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"சம்பளத்துல நாலாயிரம் ஏத்திடறேன். இங்கியே இரு."

"வேணாண்ணே."

"தனியா போய் இன்னா கிழிக்கப் போற? கரண்டு போச்சின்னா ஜெனரேட்டர் உண்டா? வேல எவன் குடுப்பான்?"

"நீதான் குடுப்ப. சாவு போஸ்டருக்கு வேற எவ கீறா உன்னாண்ட? போட்டோவ வாட்சப்புல அனுப்பு, அரை மணில சட்ட மாட்டித் தரேன். ஒரு போஸ்டருக்கு ஐந்நூறு."

"எனக்கே ரேட்டா?"

"கட்டத்துக்கும் ரேட்டு உண்டு. அடுத்த மாசம் நீ அடிக்கறப்ப எனக்கு போன் போடு."

மெஷின் ஓடி நின்றது. நோயல் வந்து கட்டுகளை மொபெட்டில் ஏற்றினான். ஹில்டா தன் மேஜையைத் துடைத்தாள், பங்கு மடலையும் கண்ணாடிக் கூட்டையும் பையில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"கணக்கு?"

"முடிஞ்சிது போ. உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல."

"எப்படி ஒண்ணுமில்ல? பாக்கி ரெண்டாயிரம். இன்னிக்கி மெஷின் ஏறுனது ஐயாயிரம். மூவாயிரம் நீ தரணும்."

அதை நான் யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷத் தொழிலில் என்னிடம் வேலை செய்கிறவர்களுக்கு நான் பாக்கி வைத்ததில்லை, அவர்கள்தான் எனக்கு.

"எங்க போகப் போறேன், எங்கிட்டயே இருக்கட்டும். வேண்டியப்ப வாங்கிக்க" என்றேன்.

"இருக்கட்டும்னு வுட்டுதான் இத்தினி வருஷம் இருந்தேன்." ஹில்டா கையை நீட்டினாள். "கைல குடுண்ணே."

மேஜை இழுப்பறையைத் திறந்தேன். ஐந்நூறு ரூபாய்த் தாள்களாக எடுத்தேன். அவள் கையில் அன்றைய மையும், ரேகைகளுக்குள் கொஞ்சம் சாம்பலும் இருந்தன. என் கையும் அப்படித்தான் இருந்தது. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக வைத்தேன். ஆறாவது தாளை வைக்கும்வரைக்கும் அவள் கையை மூடவில்லை.